ஆமை சத்தம் போடாது

யாழ்ப்பாணத்தில் இருந்து கொழும்புக்கு வீடு மாறுவது எங்கட தலைமுறைக்குப் புதிய விஷயம் இல்லை. படிப்பு, வேலை, விசா எண்டு ஏதோ ஒன்று இழுத்துக்கொண்டே இருக்கும். இரண்டு வருடத்துக்கு முன் ஓர் ஓகஸ்ட் மாதம் நாங்களும் நாலு பேர் சேர்ந்து ஒரு வான் பிடித்தோம். புத்தகப் பெட்டிகள், இரண்டு மெத்தை, ஒரு மின்விசிறி, அம்மாமார் கட்டித் தந்த மிளகாய்த்தூள். கடைசியாக ஏற்றியது ஒரு வாளி. அதற்குள் அரைவாசிக்குத் தண்ணீர், தண்ணீருக்குள் இரண்டு ஆமைகள்.

அலங்கார மீன் கடைகளில் கண்டிருப்பீர்கள். பச்சை ஓடு, கண்ணுக்குப் பின்னால் ஒரு சிவப்புக் கோடு, உள்ளங்கைக்குள் அடங்கும் குஞ்சு. சிவப்புக் காது ஆமை என்பார்கள். எங்களுடையவை மூன்று வருடமாக எங்களோடு இருந்தவை. அப்போது ஒன்று கை அகலம் வளர்ந்திருந்தது, மற்றது அதைவிடச் சின்னன். பெரியவர், சின்னவர் என்றுதான் கூப்பிடுவோம். அதற்கு மேல் பெயர் வைக்கவில்லை.

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எங்களில் ஒருவரின் அம்மா சொன்னா: "தொண்ணூற்றைஞ்சில ஓடேக்க நாங்கள் ஆட்டைக் கட்டவிழ்த்து விட்டிட்டு வந்தனாங்கள். நீங்கள் ஆமையைக் கொண்டு போறியள். கவனமாக் கொண்டு போங்கோ." நாங்கள் சிரித்தோம்.

ஆனையிறவு தாண்டி, கிளிநொச்சி தாண்டி, முறிகண்டியில் எல்லாரையும் போல இறங்கித் தேங்காய் உடைத்தோம். வாளியை எட்டிப் பார்த்தோம். இரண்டும் அசையாமல் இருந்தன. "நல்லபிள்ளையள், ஒரு சத்தமும் இல்லை" என்றார் சாரதி அண்ணா. வவுனியாவில் சாப்பாட்டுக்கு நிறுத்தும்போது பன்னிரண்டரை மணி. கடை வாசலில் நிழல் இல்லை. வானைப் பூட்டிவிட்டுப் போனோம். வாளி பின்கண்ணாடிக்குக் கீழே, மெத்தைக்கும் பெட்டிக்கும் இடையில் இருந்தது. சோறு வர நேரமாகிவிட்டது. திரும்பி வர முக்கால் மணித்தியாலம் ஆகியிருக்கும்.

மதவாச்சியைத் தாண்டும்போது ஒரு தரம் பார்த்தோம். அப்போதும் அசையவில்லை. தூங்குகின்றன என்று நினைத்தோம். வெள்ளவத்தையில் சாமான் இறக்கும்போதுதான் சின்னவரைக் கையில் எடுத்தோம். தலையும் கால்களும் தொங்கின. பெரியவர் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்து பிறகு தேறியது.

பிறகு ஒரு மிருக வைத்தியரிடம் நடந்ததைச் சொன்னோம். அவர் எங்களை ஏசவில்லை. வான் எங்கே நின்றது, எவ்வளவு நேரம் நின்றது, தண்ணீர் எவ்வளவு இருந்தது என்று மூன்று கேள்வி கேட்டார். பதில் சொல்லச் சொல்ல எங்களுக்கே விளங்கிவிட்டது.

இதை எழுதுவதற்குக் காரணம் குற்ற உணர்ச்சி மட்டும் இல்லை. அதற்குப் பிறகு நாங்கள் கதைத்த பலரும் இதே வாளியோடுதான் பயணம் போயிருக்கிறார்கள். சிலருடையது தப்பியிருக்கிறது, சிலருடையது செத்திருக்கிறது. எல்லாரும் ஒரே வசனத்தைத்தான் சொன்னார்கள்: "அது பேசாமத்தான் இருந்தது." எங்கட வாதமும் அங்கேதான் தொடங்குகிறது. அந்தப் பேசாமையை நாங்கள் பிழையாக வாசிக்கிறோம்.

நாயைக் காரில் ஏற்றினால் அது மூச்சு வாங்கும், குரைக்கும், யன்னலைப் பிறாண்டும். பூனை கத்தியே கொல்லும். அதனால் நாங்கள் நிறுத்துகிறோம், தண்ணீர் வைக்கிறோம். ஆமை, ஓணான், பாம்பு எதுவும் அப்படிச் சொல்லாது. பயந்தாலும் அசையாது, சூடு ஏறினாலும் அசையாது, சாகும்போதும் அசையாது. நாங்கள் "பொறுமை" என்று பெயர் வைத்திருப்பது பல வேளை அதனுடைய பயம்.

உடம்பும் எங்களைப் போல இல்லை. எங்களுக்கு வெக்கை என்றால் வேர்க்கும். ஊர்வனவற்றுக்கு வேர்வைச் சுரப்பி கிடையாது. சுற்றியிருக்கும் வெப்பம்தான் அவற்றின் உடல் வெப்பம். குளிர்ந்தால் வெயிலுக்குப் போகும், சுட்டால் நிழலுக்கோ தண்ணீருக்கோ போகும். அவற்றிடம் இருக்கிற ஒரே ஏசி அந்த நடைதான். பெட்டிக்குள்ளோ வாளிக்குள்ளோ போட்ட நிமிடத்தில் அதை நாங்கள் பறித்துவிடுகிறோம். அதன் பிறகு நிழலுக்குப் போகவேண்டியது நாங்கள்தான், அதற்காக.

வெயிலில் பூட்டி நிறுத்திய வாகனத்துக்குள் வெப்பம் ஒரு மணித்தியாலத்தில் வெளியைவிட இருபது பாகை வரை கூடலாம். அதில் பெரும்பகுதி முதல் அரை மணித்தியாலத்திலேயே ஏறிவிடும். யன்னலை இரண்டு விரல் அளவு திறந்து விடுவதால் பெரிய வித்தியாசம் வராது. வவுனியாவில் ஓகஸ்ட் மத்தியானம் வெளியே 34 பாகை என்றால் வானுக்குள் என்ன என்று நீங்களே கூட்டிப் பாருங்கள். 40 பாகையைத் தாண்டினால் இந்த ஆமைக்கு உயிராபத்து.

இனி அந்தத் தண்ணீர். தண்ணீர் ஆமைக்குத் தண்ணீர் வேணும்தானே என்றுதான் நாங்களும் நினைத்தோம். சிவப்புக் காது ஆமைக்கு மீனைப் போலச் செவுள் இல்லை. நுரையீரலால்தான் மூச்சு விடும். தொட்டியில் அது நீந்திவிட்டுக் கல்லில் ஏறி இருக்கும். ஓடுகிற வானில் வாளித் தண்ணீர் ஒவ்வொரு வளைவிலும் பள்ளத்திலும் அடித்து ஆடும். ஏறி நிற்க இடம் இல்லை. களைத்தால் மூழ்கும். தன் கழிவிலேயே கிடக்கும். அந்தத் தண்ணீர் சூடாகிவிட்டால் தப்பி ஏற இடமே இல்லை. அதே ஆமை ஈரத் துவாய்க்குள் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் இல்லாமல் நல்லபடியாக இருக்கும். அதாவது, எங்கட அக்கறைதான் அதைக் கொன்றது. தண்ணீரை ஊற்றியது அன்பினால்தான். ஆனால் யாரையும் கேட்காமல், எதையும் வாசிக்காமல் ஊற்றினோம்.

ஆறு மாதத்தில் இன்னொரு பயணம் வந்தது. வீட்டுக்கார அன்ரிக்கு ஆமை பிடிக்கவில்லை. "ஒண்டில் அது, இல்லாட்டில் நீங்கள்" என்றுவிட்டா. நண்பர் ஒருவர் இலேசான வழி சொன்னார்: "பேரை வாவியில விட்டிடுங்கோ மச்சான். சுதந்திரமா இருக்கும்."

இந்தச் 'சுதந்திரத்தை'க் கொஞ்சம் கதைக்க வேண்டும். இந்த ஆமை இந்த நாட்டுடையதே இல்லை. அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பக்கத்தது. உலகில் மிக மோசமாகப் பரவும் அந்நிய உயிரினங்கள் நூறு என்று இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச அமைப்பு போட்ட பட்டியலில் இதுவும் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 1997இலேயே இதன் இறக்குமதியை நிறுத்தியது. குளத்தில் விட்டால் அது எங்கட ஆமைகளின் சாப்பாட்டையும், வெயில் காய்கிற கட்டையையும் பிடித்துக்கொள்ளும். ஒன்றுமே சாகாவிட்டாலும் குளம் மாறிப்போகும். "விட்டிட்டம்" என்று சொல்வதில் எங்களுக்குத்தான் நிம்மதி, குளத்துக்கு இல்லை.

அதனால் பெரியவரைத் திரும்ப யாழ்ப்பாணத்துக்கே கொண்டு போனோம். அங்கே ஒரு தம்பி பெரிய சீமெந்துத் தொட்டியோடு ஏற்றுக்கொள்ளத் தயாராக இருந்தான். இந்த முறை செய்ததை அப்படியே எழுதுகிறோம். யாருக்காவது உதவும்.

புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பே தீனியை நிறுத்தினோம். வளர்ந்த ஆமைக்கு இரண்டு நாள் பட்டினி ஒன்றும் செய்யாது. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் பயணம் செய்தால் கக்கும், பெட்டியை அசுத்தமாக்கும்.

மூடி இறுக்கமாகப் பூட்டுகிற பிளாஸ்டிக் பெட்டி ஒன்று எடுத்தோம். ஆமை திரும்பிப் படுக்கக்கூடிய அளவு, அவ்வளவுதான். பெரிய பெட்டி என்றால் பிரேக் பிடிக்கும்போது அது சுவருக்குச் சுவர் அடிபடும். ஆணியைச் சூடாக்கி நாலு பக்கமும் துளை போட்டோம். உள்ளிருந்து வெளியே துளைத்தால் கூர் விளிம்பு உள்ளே வராது. துளை போட்டு முடிந்த பிறகுதான் ஆமையை வைக்க வேண்டும். அடியில் நனைத்துப் பிழிந்த துவாய், மேலே இன்னொன்று. இருட்டாக இருந்தால் அது அமைதியாகும். இரண்டு பிராணி என்றால் இரண்டு பெட்டி. வீட்டில் ஒற்றுமையாக இருப்பவை பயத்தில் கடித்துக்கொள்ளும்.

அந்தப் பெட்டியை ஒரு ரெஜிபோம் பெட்டிக்குள் இறக்கினோம். மீன் ஏற்றுகிற அதே வெள்ளைப் பெட்டிதான். அதிலும் துளை போட்டோம். வெளியே வெக்கை என்றாலும் ஏசிக் குளிர் என்றாலும் உள்ளே சட்டென்று மாறாது. ஒரு சின்ன வெப்பமானியின் கம்பியை உள்ளே விட்டோம். 24 முதல் 28 பாகைக்குள் நின்றால் போதும். ஐஸ் போடக்கூடாது. சூட்டைவிடக் குளிர் மெதுவாகத்தான் கொல்லும், ஆனாலும் அதுவும் கொல்லும். ஏசிக் காற்று நேரே அடிக்கிற இடத்திலும் வைக்கக்கூடாது.

பெட்டியை டிக்கியில் வைக்கவில்லை. பின் சீற்றில், வெயில் விழாத பக்கம், சீற் பெல்ற் போட்டு இறுக்கினோம். மேலே ஒரு சாமானும் வைக்கவில்லை. விடிய மூன்றரைக்கு வெளிக்கிட்டோம். வெயில் ஏற முதல் பாதி வழி முடிய வேண்டும் என்பதுதான் கணக்கு. சாப்பிட நிறுத்திய இடங்களில் ஒருவர் வாகனத்துக்குள்ளேயே இருந்தார், ஏசி ஓடியபடி. இந்த ஒன்றைத்தான் எல்லாவற்றுக்கும் மேலாகச் சொல்வோம். மற்ற எதை மறந்தாலும், பூட்டிய வாகனத்தில் பிராணியைத் தனியே விடாதீர்கள். ஐந்து நிமிடம் என்று போகிற ரீ அரை மணித்தியாலம் ஆகும்.

ஒவ்வொரு அரை மணித்தியாலத்துக்கும் மூடியைத் திறந்து பார்க்கவும் இல்லை. வெப்பமானியைப் பார்த்தோம். திறந்து பார்ப்பது எங்கட பதற்றத்துக்குத்தான் மருந்து, அதற்குத் தொந்தரவு. துவாய் காய்ந்துவிட்டதா என்று இடையில் இரண்டு முறை மட்டும் பார்த்துத் தண்ணீர் தெளித்தோம். தொட்டால் கை கழுவினோம். ஆமையின் தோலிலும் கழிவிலும் சல்மனெல்லா என்ற கிருமி இருக்கலாம். நாலு அங்குலத்துக்குச் சிறிய ஆமைகளை விற்பதை அமெரிக்கா 1975இல் தடை செய்தது இதனால்தான். சின்னப் பிள்ளைகள் அவற்றை வாயில் வைத்து நோய்ப்பட்டார்கள். எங்கட கடைகளில் அந்த அளவுக் குஞ்சுகளைத்தான் சின்னப் பிள்ளைகளுக்கு என்றே விற்கிறார்கள்.

மத்தியானத்துக்கு முன் யாழ்ப்பாணம். தொட்டி ஓரத்தில் வைத்தோம். கொஞ்ச நேரம் ஓட்டுக்குள்ளேயே இருந்தது. பிறகு தலையை நீட்டி, சுற்றிப் பார்த்து, தானாகவே நடந்து தண்ணீருக்குள் இறங்கியது. அடுத்த நாள்தான் தீனி போட்டோம்.

இவ்வளவையும் வாசிக்கிற சிலர் கேட்பீர்கள்: ஓர் ஆமைக்கு இவ்வளவு பாடா? மனுசருக்கே ஒழுங்கான பஸ் இல்லாத நாட்டில்? நியாயமான கேள்வி. இரவு பஸ்ஸில் நின்றபடி கொழும்புக்குப் போனவர்கள்தான் நாங்களும். ஆனால் ஒரு பெட்டி, இரண்டு துவாய், ஒரு வெப்பமானி என்பது பெரிய செலவில்லை. செலவானது கொஞ்சம் யோசனை. அந்த அம்மாவின் கதை இப்போதுதான் எங்களுக்கு உறைக்கிறது. 1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமத்தை விட்டுப் போனவர்களுக்கு இருந்தது ஓர் இரவு. ஆட்டை அவிழ்த்துவிட்டது கைவிட்டதாகாது. கட்டியபடி விட்டால் செத்துவிடும் என்று அந்த அவசரத்திலும் யோசித்திருக்கிறார்கள். எங்களுக்கு இரண்டு மாதம் இருந்தது. மெத்தையை எப்படி மடிப்பது என்று ஒரு பின்னேரம் முழுக்கக் கதைத்தோம். வாளியைப் பற்றி ஒரு நிமிடமும் கதைக்கவில்லை.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். மேலே எழுதியது எல்லாம் கடையில் வாங்கிய பிராணிக்கு மட்டும். மன்னார், வவுனியாப் பக்கம் காட்டு வீதியில் நட்சத்திர ஆமையைக் கண்டு, வடிவாக இருக்கு, அதிர்ஷ்டம் எண்டு வீட்டுக்குக் கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். எங்கட சொந்தக்காரர்களிலும் இருக்கிறார்கள். அதற்குப் 'பாதுகாப்பான பயணம்' என்று ஒன்று கிடையாது. 1937ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அதைப் பிடிக்கவோ வளர்க்கவோ விடாது. 2019இல் உலக வர்த்தகத் தடைப் பட்டியலில் ஆக உயர்ந்த இடத்துக்கு அதை ஏற்றியதும் காட்டில் இருந்து அள்ளி விற்பது அந்த அளவுக்குப் போனதால்தான். வீதியைக் கடக்கிற ஆமையைக் கண்டால் வாகனத்தை ஓரமாக நிறுத்தி, அது எந்தப் பக்கம் பார்த்து நடந்ததோ அந்தப் பக்கமே தூக்கிப் போய் விடுங்கள். அந்தப் பத்து அடிதான் அதற்குத் தேவையான பயணம். காயப்பட்டிருந்தால் வனஜீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள்.

கடைசியாக, கடையில் வாங்குகிறவர்களுக்கு. உள்ளங்கையில் அடங்குகிற அந்தக் குஞ்சு சாப்பாட்டுக் கோப்பை அளவு வளரும். ஒழுங்காகப் பார்த்தால் இருபது, முப்பது வருடம் உயிரோடு இருக்கும். பத்தொன்பது வயதில் வாங்கினால் உங்களுக்கு நாற்பத்தைந்து ஆகும்போதும் அது இருக்கும். அதற்குள் நீங்கள் எத்தனை வீடு மாறியிருப்பீர்கள்? கம்பஸ் ஓர் ஊரில், வேலை இன்னோர் ஊரில், பிறகு கல்யாணம், பிறகு ரொறொன்ரோவோ லண்டனோ. எங்கட தலைமுறை ஓர் இடத்தில் இருக்கிற தலைமுறை இல்லை. ஆமையோ ஓர் இடத்தில் இருக்க விரும்புகிற பிராணி. இரண்டையும் சேர்த்து வைக்கும்போது யாரோ ஒருவர் வாளியைத் தேடத்தான் வேண்டி வரும்.

ஆகவே கடைக்காரரிடம் என்ன விலை, என்ன சாப்பிடும் என்று கேட்பதோடு, எவ்வளவு பெரிதாகும், எத்தனை வருடம் இருக்கும் என்றும் கேளுங்கள். அவர் மழுப்பினால் வாங்காதீர்கள். வீட்டில் இன்னொரு கேள்வியையும் கேளுங்கள்: நாங்கள் வெளிக்கிட்டால் இதை யார் பார்ப்பது? அதற்கு ஓர் ஆளின் பெயர் பதிலாக வராவிட்டால், கடையிலேயே கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்துவிடுங்கள். ஏற்கெனவே வைத்திருந்து, கட்டாயம் போகத்தான் வேண்டும் என்றால், முதலில் அதைக் கொண்டு போகாமல் இருக்க வழி இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்து வீட்டில் பொறுப்பான ஒருவர் இருந்தால் அதைவிட நல்ல பெட்டி இல்லை. அதுவும் இல்லாவிட்டால் விடிய வெளிக்கிடுங்கள்.

சின்னவரை வெள்ளவத்தையில் ஒரு பூச்சாடிக்குள் புதைத்தோம். அந்த வீட்டில் மண் இருந்த ஒரே இடம் அதுதான். வீடு மாறும்போது அந்தப் பூச்சாடியை நாங்கள் கொண்டு வரவில்லை.